ஆறு ஒதுக்கிய புதையல்!

பிள்ளைகளே! சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ உங்கள் அத்தை மகனும் மாமா மகளும் இருந்தால் அவர்கள் அடிக்கும் ஜம்பத்தைக் கேட்டிருப்பீர்கள். "கடற்கரையில் சங்கு பொறுக்கினோம், சிப்பி பொறுக்கினோம், அலையில் அடித்து வந்த வெளிநாட்டுப் பாட்டில்கூடக் கிடைத்தது" என்பார்கள்.

"எங்கள் ஊரில் கடல் இல்லையே!" என்று சமயபுரம், ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் பிள்ளைகள் ஏங்க வேண்டியதில்லை. நமக்குத்தான் காவிரியும் கொள்ளிடமும் இருக்கின்றனவே! கடல் அலையால் ஒதுக்குகிறது, ஆறு வெள்ளத்தால் ஒதுக்குகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

வெள்ளம் வடிந்த பிறகு மணலில் என்னென்ன கிடக்கும்? பழைய காசு, பாட்டில், உடைந்த பானை ஓடு, கண்ணாடி வளையல் துண்டு, விளக்கு, மணி... இவை எல்லாம் எங்கிருந்து வந்தன? இவற்றால் என்ன பயன்? கண்ணில் பட்டால் நாம் என்ன செய்ய வேண்டும்? வாருங்கள், பார்க்கலாம்.

ஆறு எப்படிப் பிரித்து வைக்கிறது?

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்கே போவது காவிரி. வடக்கே போவது கொள்ளிடம். நடுவில் இருக்கும் தீவுதான் ஸ்ரீரங்கம். கொள்ளிடத்தைத் தாண்டி வடக்கே வந்தால் சமயபுரம். முக்கொம்பு மேலணை 1836-ல் தொடங்கி 1838-ல் கட்டி முடிக்கப்பட்டது.

காவிரி தாங்காத வெள்ளத்தைக் கொள்ளிடத்தில்தான் திறந்து விடுவார்கள். அந்த வெள்ளத்தின் பலம் சாதாரணமானதல்ல. 2018 ஆகஸ்ட் மாதம் வந்த வெள்ளத்தில் முக்கொம்பில் கொள்ளிடம் பக்கத்து மதகுகள் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டன! மதகையே தூக்கும் தண்ணீருக்குக் காசும் பாட்டிலும் எம்மாத்திரம்?

ஆனால், ஆறு கண்ட இடத்தில் கண்டதைப் போடாது. அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

மூடி உள்ள ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் பாதி அளவு தண்ணீர் ஊற்றுங்கள். கொஞ்சம் மணல், கொஞ்சம் களிமண், இரண்டு கூழாங்கல், ஒரு காசு, ஒரு சிட்டிகை உமி போடுங்கள். மூடி, நன்றாகக் குலுக்கி, மேஜை மேல் அசையாமல் வையுங்கள். காசும் கல்லும் 'டக்'கென்று அடியில் போய் உட்காரும். அடுத்து மணல் இறங்கும். களிமண் வெகு நேரம் கலங்கலாகவே நிற்கும். உமியோ மேலே மிதக்கும்.

ஆற்றிலும் இதுதான் நடக்கிறது. தண்ணீர் வேகமாக ஓடும்போது எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போகிறது. வேகம் குறையும் இடத்தில் கனமானதை முதலில் போட்டுவிடுகிறது. பாலத்தின் தூணுக்குப் பின்னால், பாறைக்குப் பின்னால், ஆறு வளையும் இடத்தின் உள்பக்கம், படித்துறை மூலை. இவையெல்லாம் வேகம் குறையும் இடங்கள்.

ஒரு டம்ளர் தண்ணீரின் எடை 100 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதே டம்ளரை நிறைக்கும் செம்பு ஏறக்குறைய 900 கிராம் இருக்கும். அலுமினியம் 270 கிராம்தான். மணல், கண்ணாடி எல்லாம் கிட்டத்தட்ட அலுமினியத்தின் கனம்தான். எனவே, அலுமினியக் காசு மணலோடு மணலாக உருண்டு போய்விடும். செம்புக் காசோ மணலுக்கு அடியில் இறங்கி, விழுந்த இடத்திற்குப் பக்கத்திலேயே பல காலம் படுத்துக் கிடக்கும். இந்த உண்மையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

காசு எப்படி ஆற்றுக்கு வந்தது?

ஆடிப்பெருக்கு அன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் கால் வைக்க இடம் இருக்காது. காவிரித் தாய்க்குக் காதோலை, கருகமணி, பூ, பழம், காசு எல்லாம் போடுவார்கள். தைப்பூசத்தன்று சமயபுரம் மாரியம்மன் கொள்ளிடக் கரைக்கு எழுந்தருள்வாள். ஸ்ரீரங்கத்திலிருந்து அண்ணன் ரங்கநாதர் தங்கைக்குச் சீர் அனுப்புவார். அன்றைக்கும் கரை முழுவதும் கூட்டம்தான். ரயில் பாலத்தைத் தாண்டும்போது கும்பிட்டுக் காசு போடுகிறவர்களும் உண்டு. நூற்றாண்டுக் கணக்கில் இப்படிப் போட்ட காசுகள் மணலுக்குள் இருக்கின்றன.

உங்கள் தாத்தாவிடம் 'ஓட்டைக் காலணா' என்று சொல்லிப் பாருங்கள். முகம் மலர்ந்துவிடும்! அந்தக் காலத்தில் ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணாவுக்கு நான்கு காலணா. ஆக, ஒரு ரூபாய்க்கு 64 காலணா. இரண்டாம் உலகப் போரின்போது உலோகத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. அதனால் 1943 முதல் 1947 வரை நடுவில் பெரிய ஓட்டை போட்டுக் காலணா அடித்தார்கள்.

1957 ஏப்ரல் 1-ல் ஒரு ரூபாய்க்கு 100 பைசா என்ற கணக்கு வந்தது. முதலில் காசின் மேல் 'நயா பைசா' என்று அச்சிட்டார்கள். நயா என்றால் புதிய என்று பொருள். 1964-ல் 'நயா' போய்விட்டது. பிறகு வந்த அலுமினியக் காசுகளில் 5 பைசா சதுரம், 10 பைசா பூ மாதிரி நெளிவு, 3 பைசா அறுகோணம். 25 பைசாவும் அதற்குக் குறைந்த காசுகளும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போயின.

இவ்வளவு தெரிந்தால் மணலில் கிடைத்த ஒரு காசைப் பார்த்தவுடனே, "இது எந்தக் காலத்துக் காசு?" என்று சொல்லிவிடலாமே!

பாட்டிலைப் படிக்கத் தெரியுமா?

புத்தகத்தைத்தான் படிக்க முடியுமா? பாட்டிலையும் படிக்கலாம்.

பழைய பாட்டிலைப் பக்கவாட்டில் பார்த்தால் மேலிருந்து கீழாக மெல்லிய கோடு ஒன்று ஓடும். அது அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடம். அந்தக் கோடு வாய் விளிம்பு வரை ஏறியிருந்தால் அது இயந்திரத்தில் செய்த பாட்டில். கழுத்துக்குக் கீழேயே நின்றுவிட்டால், உடம்பை அச்சில் ஊதி, வாயைக் கையால் தனியாகச் செய்த பழைய பாட்டிலாக இருக்கலாம். அமெரிக்காவைச் சேர்ந்த மைக்கேல் ஓவன்ஸ் 1903-ல் தானாகவே பாட்டில் செய்யும் இயந்திரத்தை உருவாக்கிக் காட்டினார். அதன் பிறகுதான் கையால் செய்வது உலகம் முழுவதும் மெல்ல மெல்லக் குறைந்தது.

கண்ணாடிக்குள் சின்னச் சின்னக் குமிழிகள் இருக்கின்றனவா, அடிப்பாகம் கோணலாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அவையும் கைவேலைக்கு அடையாளம். கண்ணாடியில் புடைத்து நிற்கும் எழுத்துகளில் கம்பெனி பெயர், ஊர்ப்பெயர், மருந்தின் பெயர் இருக்கும்.

நிறமும் பேசும். கண்ணாடி மணலில் இருந்து செய்யப்படுகிறது. மணலில் உள்ள இரும்பு கண்ணாடிக்குப் பச்சைச் சாயல் தரும். கோபால்ட் சேர்த்தால் நீலம். பழுப்புப் பாட்டில் வெளிச்சத்தைத் தடுக்கும் என்பதால் வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகும் மருந்துகளை அதில் அடைத்தார்கள். இன்றும் அடைக்கிறார்கள்.

நமக்கெல்லாம் பிடித்த கோலி சோடா பாட்டிலின் கதை தெரியுமா? இங்கிலாந்தைச் சேர்ந்த ஹைரம் காட் என்பவர் 1872-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். கழுத்துக்குள் ஒரு கோலி, வாய்ப்பக்கம் ஒரு ரப்பர் வளையம். வாயு கலந்த தண்ணீரை அடைத்ததும் உள்ளே இருக்கும் வாயு கோலியை மேலே தள்ளி, ரப்பர் வளையத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். மூடியே தேவையில்லை! கட்டை விரலால் 'டொப்'பென்று அமுக்கினால் கோலி கீழே இறங்கும். அந்தக் கோலிக்காகவே பாட்டிலை உடைத்த பிள்ளைகள் இங்கிலாந்திலும் இருந்தார்கள், நம் ஊரிலும் இருந்தார்கள்! முழுப் பாட்டில்கள் அருமையாகிப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

உடைந்த கண்ணாடித் துண்டுகள் மணலோடும் கல்லோடும் உரசி உரசிப் பல ஆண்டுகளில் முனை மழுங்கி, பனி படர்ந்த மாதிரி மங்கலாகிவிடும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து ஃபோர்ட் பிராக் என்ற ஊரில் 1906 முதல் 1967 வரை ஊர்க் குப்பையைக் கடலோரத்தில் கொட்டினார்கள். அலைகள் அந்தக் கண்ணாடிகளை உருட்டி, வண்ண மணிகளாக்கிவிட்டன. அந்த இடத்தின் பெயரே 'கண்ணாடிக் கடற்கரை' என்று ஆகிவிட்டது.

கரூரில் சலித்த மணல்

இப்போது நம் காவிரியோடு வந்து கலக்கும் அமராவதி ஆற்றுக்குப் போவோம். அமராவதி கரூரைத் தொட்டுக்கொண்டு ஓடி, பக்கத்திலேயே காவிரியில் சேர்கிறது. செம்பு மணலுக்கு அடியில் படுத்துக்கொள்ளும் என்று பார்த்தோம் அல்லவா? அமராவதி மணலில் அப்படிக் கிடந்த காசுகள் ஒன்றல்ல, இரண்டல்ல!

ஆற்றில் தண்ணீர் குறைந்த நாட்களில் மணலைச் சலித்துப் பிழைப்பவர்கள் கரூரில் இருந்தார்கள். அவர்கள் கையில் ரோமானியக் காசுகள், சேரர் காசுகள், பெயர் பொறித்த மோதிரங்கள் எல்லாம் கிடைத்தன. பொன்னும் வெள்ளியும் கடைக்குப் போகும். செம்புக் காசுகள் எடைக்குப் போகும். எடைக்குப் போட்டால் உருக்கிவிடுவார்கள். இரண்டாயிரம் ஆண்டு வரலாறு ஒரு நிமிடத்தில் செம்புக் கட்டியாகிவிடும்!

நல்ல வேளையாக, நாணய ஆராய்ச்சியாளர்கள் இப்படிப்பட்ட காசுகளைத் தேடிப் பிடித்துக் காப்பாற்றினார்கள். அவர்களில் முக்கியமானவர் இரா. கிருஷ்ணமூர்த்தி. சங்க காலத் தமிழ் மன்னர்கள் சொந்தமாகக் காசு அடித்தார்களா என்பதே ஒரு காலத்தில் சந்தேகமாக இருந்தது. அவரும் மற்ற அறிஞர்களும் படித்து வெளியிட்ட காசுகள் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தன. கரூர் ஆற்றில் கிடைத்த ஒரு வெள்ளிக் காசில் ஓர் ஆணின் தலை இருக்கிறது. அதன் மேலே பழைய தமிழ் எழுத்தில் 'மாக்கோதை' என்று எழுதியிருக்கிறது. மாக்கோதை என்பது சேர மன்னரின் பெயர்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, கவனியுங்கள். சேரர்களின் தலைநகரான வஞ்சி எந்த ஊர் என்று அறிஞர்கள் வெகு காலம் வாதாடினார்கள். சிலர் கேரளத்தில் என்றார்கள், சிலர் கரூர்தான் என்றார்கள். கரூர் என்று சொன்னவர்களுக்கு இந்தச் சேரர் காசுகள் பெரிய சான்றாக அமைந்தன. ஏன்? அவை கரூர் ஆற்றில் கிடைத்தவை என்று தெரிந்திருந்ததால்தான்! எங்கே கிடைத்தது என்று தெரியாமல் ஒரு பெட்டியில் கிடந்திருந்தால், அது வெறும் பழைய காசு. இடம் தெரிந்ததால் அது சாட்சி.

கண்டெடுத்த பொருளின் பாதி மதிப்பு அது கிடந்த இடத்தில் இருக்கிறது. இதுதான் இந்தக் கட்டுரையில் நீங்கள் மறக்கக் கூடாத விஷயம்.

பிள்ளைகள் காட்டிய அரிக்கமேடு

புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. ஆறு கரையை அரித்துக்கொண்டே இருந்ததால் மணிகளும் ஓடுகளும் வெளியே வந்து கிடந்தன. அவற்றைப் பொறுக்கி விளையாடியவர்கள் யார் தெரியுமா? உங்களைப் போன்ற ஊர்ப் பிள்ளைகள்தான்!

1937-ல் துப்ராய் என்ற பிரெஞ்சு அறிஞர் அந்தப் பிள்ளைகளிடமிருந்து மணிக்கற்களை வாங்கினார். அங்கே கிடைத்த கற்களில் ஒன்றில் ஒரு மனிதத் தலை செதுக்கியிருந்தது. அது ரோமப் பேரரசர் அகஸ்டஸின் முகம் என்று அவர் கருதினார். ரோமுக்கும் நம் கடற்கரைக்கும் என்ன தொடர்பு? கேள்வி பிறந்தது. 1945-ல் மார்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தார். ரோமானிய மட்பாண்டங்கள் மண்ணுக்குள் இருந்து வந்தன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழர்கள் ரோமோடு வாணிபம் செய்த கதை உலகத்துக்குத் தெரிந்தது.

பிள்ளைகள் எந்த இடத்தில் பொறுக்கினார்கள் என்று காட்டியிருக்காவிட்டால் எங்கே தோண்டுவது? இடம் தெரிந்ததால் வரலாறு கிடைத்தது. பார்த்தீர்களா, மறுபடியும் இடம்தான்!

2004 டிசம்பர் 26 சுனாமியை மறக்க முடியாது. எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோன அந்த அலை, மாமல்லபுரம் கடற்கரையில் மணலை அரித்து, அதற்குள் மூடிக்கிடந்த சிற்பப் பாறைகளை வெளியே காட்டியது. பக்கத்தில் சாளுவன்குப்பத்தில் வெளிப்பட்ட பாறைக் கல்வெட்டுகளைப் பார்த்துவிட்டு 2005-ல் தொல்லியல் துறையினர் தோண்டினார்கள். பழமையான முருகன் கோயில் ஒன்று கிடைத்தது.

132 ஆண்டு காத்திருந்த சீட்டு

இடத்தையும் தேதியையும் குறித்து வைப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கடலில் இருந்து ஒரு கதை.

1886 ஜூன் 12. 'பாவ்லா' என்ற ஜெர்மன் கப்பல் இந்தியப் பெருங்கடலில் போய்க்கொண்டிருந்தது. கப்பலில் இருந்தவர்கள் ஒரு பாட்டிலுக்குள் சீட்டு ஒன்றைப் போட்டுக் கடலில் எறிந்தார்கள். விளையாட்டுக்கு அல்ல. கடல் நீரோட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று அறிய ஜெர்மன் ஆய்வு நிலையம் ஒன்று நடத்திய சோதனை அது. சீட்டில் தேதி, கப்பல் பெயர், அப்போது கப்பல் இருந்த இடம் எல்லாம் எழுதியிருந்தது. "கண்டெடுத்தவர் தயவுசெய்து எங்கே, எப்போது கிடைத்தது என்று எழுதி அனுப்புங்கள்" என்ற வேண்டுகோளும் இருந்தது.

2018 ஜனவரியில் மேற்கு ஆஸ்திரேலியக் கடற்கரை மணலில் ஒரு பெண்மணி அந்தப் பாட்டிலைக் கண்டெடுத்தார். அழகான பாட்டில் என்று அலமாரியில் வைத்துக்கொள்ளவில்லை. அருங்காட்சியகத்துக்குக் கொண்டு போனார். அவர்கள் ஜெர்மனியில் பத்திரமாக இருந்த கப்பல் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தார்கள். அதே தேதியில், "இன்று ஒரு பாட்டில் எறிந்தோம்" என்ற செய்தி இருந்தது! 132 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தச் சீட்டுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

லண்டன் நகரில் தேம்ஸ் ஆறு ஓடுகிறது. கடல் வற்றும் நேரத்தில் அந்த ஆற்றிலும் தண்ணீர் இறங்கிச் சேறு தெரியும். அந்தக் காலத்தில் ஏழைப் பிள்ளைகள் சேற்றில் இறங்கி நிலக்கரித் துண்டும் இரும்பும் பொறுக்கி விற்றுச் சாப்பிட்டார்கள். இன்று அங்கே தேட வேண்டுமானால் துறைமுக ஆணையத்திடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். 300 ஆண்டுக்கு மேல் பழைய பொருள் கிடைத்தால் அருங்காட்சியகத்துக்குக் காட்டியே தீர வேண்டும்.

நம் ஊரில் சட்டம் என்ன?

நமக்கும் சட்டம் உண்டு. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாக இருந்தால் கண்டெடுத்தவர் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய் என்றதும் சிரிக்காதீர்கள். 1878-ல் பத்து ரூபாய் பெரிய தொகை! மறைத்தால் தண்டனை உண்டு. ஒழுங்காகத் தெரிவிப்பவருக்கு உரிய பங்கைப் பற்றியும் சட்டம் சொல்கிறது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிலை, காசு போன்றவற்றைப் பாதுகாக்க 1972-ல் வந்த தொல்பொருள் சட்டமும் இருக்கிறது.

இதற்கு நம் பக்கத்திலேயே நல்ல உதாரணம் உண்டு. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் ஜம்புகேஸ்வரர் கோயிலில் இடத்தைச் சுத்தம் செய்து தோண்டியபோது ஒரு பாத்திரம் கிடைத்தது. உள்ளே 505 பொற்காசுகள்! மொத்த எடை 1.716 கிலோ. அவை அப்படியே அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. எந்த ஊர், எந்தக் கோயில், எந்த மூலை, எந்தப் பாத்திரம் என்று எல்லாம் பதிவாகிவிட்டது. ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு போயிருந்தால் இன்று அந்தக் கதையே நமக்குத் தெரிந்திருக்காது.

சமயபுரம் மண்ணும் சாதாரண மண் அல்ல

சமயபுரம் இருக்கும் பேரூராட்சியின் பெயர் என்ன? ச. கண்ணனூர். 13-ஆம் நூற்றாண்டில் ஹொய்சள மன்னர்கள் கர்நாடகத்திலிருந்து வந்து, இந்தக் கண்ணனூரைத்தான் தமிழ்நாட்டில் தங்கள் தலைநகராக வைத்துக்கொண்டார்கள். அவர்கள் காலத்துப் போஜீஸ்வரர் கோயில் இன்றும் இருக்கிறது. பிறகு 1752-ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஸ்ரீரங்கத்தையும் சமயபுரத்தையும் சுற்றிப் போரிட்டார்கள். ராபர்ட் கிளைவ் சமயபுரத்தில் முகாம் போட்டிருந்தார். அந்த ஆண்டு ஜூன் மாதம் பிரெஞ்சுப் படை சரணடைந்தது.

எனவே, வயலில் உழும்போதும், வாய்க்கால் தூர் வாரும்போதும், வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதும் வெளியே வரும் ஓட்டுத் துண்டு ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு காலத்தைச் சேர்ந்ததுதான். பார்க்கத் தெரிந்த கண் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆற்று மணலை லாரி லாரியாக அள்ளினால் மணல் மட்டும் போவதில்லை. மணலுக்கு அடியில் படுத்திருந்த காசும் ஓடும் அதோடு போகின்றன. யாரோ கட்டும் வீட்டுச் சுவரில் சிமென்டோடு கலந்துவிட்ட காசு, தான் எந்த ஊர்க் காசு என்று இனி யாரிடமும் சொல்ல முடியாது.

செய்ய வேண்டியது, செய்யக் கூடாதது

1. தனியாக ஆற்றுக்குப் போகவே கூடாது. பெரியவர்கள் கட்டாயம் கூட இருக்க வேண்டும். மணல் அள்ளிய பள்ளங்கள் கொள்ளிடத்தில் தண்ணீருக்கு அடியில் மறைந்திருக்கும். மேலணையில் தண்ணீர் திறந்தால் வறண்ட இடத்திலும் நீர்மட்டம் ஏறிவிடும். தண்ணீர் ஓடும் நாட்களில் தேடுதலே வேண்டாம்.

2. செருப்பில்லாமல் நடக்காதீர்கள். உடைந்த கண்ணாடியும் ஊசியும் கிடக்கும்.

3. தோண்டாதீர்கள். மேலே கிடப்பதைப் பார்த்தால் போதும். கோயில் படித்துறையில் அம்மனுக்குப் போட்ட காசு அம்மனுக்கே. அதைத் தொட வேண்டாம்.

4. என்னவென்றே தெரியாத இரும்புப் பொருளைத் தொடாதீர்கள். 2024 அக்டோபர் கடைசியில் திருச்சி அருகே அந்தநல்லூர் காவிரிப் படித்துறைப் பக்கம் ராக்கெட் குண்டு ஒன்று கிடந்தது! பார்த்தவர்கள் போலீசுக்குச் சொன்னார்கள். ராணுவத்தினர் வந்து அதைப் பாதுகாப்பாக அழித்தார்கள். மூடியுள்ள பாட்டிலையும் திறக்காதீர்கள், முகராதீர்கள். உள்ளே அமிலமோ மருந்தோ இருக்கலாம்.

5. பழைய செம்புக் காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்! பாத்திரத்துக்குப் புளி நல்லது. காசுக்குப் புளி பகை. மேலே படிந்திருக்கும் பச்சைப் படலத்தோடு எழுத்தும் தேய்ந்து போய்விடும். பளபளப்பு வரும், படிக்க ஒன்றும் இருக்காது. நல்ல தண்ணீரில் மெதுவாக அலசி, நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டு வைத்தால் போதும்.

6. ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். என்ன பொருள்? என்று கிடைத்தது? எந்த இடத்தில்? மணலுக்கு மேலா, மழை அரித்த கரையிலா? பக்கத்தில் வேறு என்ன இருந்தது? ஐந்து கேள்விதான். "கொள்ளிடத்தில் கிடைத்தது" என்று மட்டும் எழுதினால் போதாது. "கொள்ளிடம் வடகரை, பாலத்திலிருந்து கிழக்கே நூறு அடி, ஆலமரத்துக்கு நேராக" என்று எழுதுங்கள். ஒரு படமும் வரைந்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்து அளவு போடுங்கள்.

7. பழமையானது என்று சந்தேகம் வந்தால் வீட்டுப் பெரியவர்களிடமும் வரலாற்று ஆசிரியரிடமும் காட்டுங்கள். அவர்கள் வழியாகக் கிராம நிர்வாக அலுவலருக்கோ தாசில்தாருக்கோ தெரிவியுங்கள். திருச்சியில் ராணி மங்கம்மாள் மண்டபத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்தையும் ஒரு முறை பார்த்து வாருங்கள். பழைய காசும் சிலையும் எப்படி இருக்கும் என்று கண் பழகிவிடும்.

வீட்டுப் பாடம்!

ஆற்றுக்குப் போகாமலே இன்றைக்கே தொடங்கலாம். பாட்டி வீட்டுப் பரணில், அஞ்சறைப் பெட்டியில், பழைய டிரங்குப் பெட்டியில் ஒரு காசோ பாட்டிலோ இல்லாமலா இருக்கும்? எடுத்து வையுங்கள். பாட்டியிடம் உட்கார்ந்து, "இது யார் வாங்கியது பாட்டி? எந்த ஊரில்? எப்போது?" என்று கேளுங்கள். பாட்டி சொல்லச் சொல்ல நோட்டில் எழுதுங்கள்.

அந்தப் பாட்டிலின் கதை இப்போது பாட்டி ஒருவருக்குத்தான் தெரியும். நீங்கள் எழுதி வைத்தால் இரண்டு பேருக்குத் தெரியும். நோட்டு பத்திரமாக இருந்தால் இன்னும் நூறு ஆண்டு கழித்துப் பிறக்கப்போகும் பிள்ளைக்கும் தெரியும்.

எங்கே, நோட்டை எடுங்கள் பார்க்கலாம்!